‘பிறகு’ வேறு, ‘எனவே’ வேறு



கீழே நான்கு வாக்கியங்கள் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படியுங்கள்.

1. மீஞ்சூர் வட்டாரத்தில் கிணறுகளிலிருந்து ஏராளமான நீர் இறைக்கப்பட்டது.
2. நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது.
3. கிழக்கே, அதிகத் தொலைவில் இல்லாமல், கடல் இருக்கிறது.
4. கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது.

நான்கும் உண்மையான செய்திகள். திருவள்ளூர் மாவட்டத்துக் கடலோரத்தில், மீஞ்சூர் பகுதியில், 1960களின் இறுதியிலிருந்தே காணப்பட்டவை. ஆனால் நான்கையும் படித்து முடித்ததும் உங்களுக்கு என்ன விளங்கிற்று? எதனால் எது நடந்தது? கடல் எப்படி இந்தக் கதைக்குள் நுழைந்தது? வாக்கியங்கள் அதைச் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

சென்னை – கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் நீண்ட சரக்கு ரயில்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது பெட்டிகளைத் தண்டவாளத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தால் மட்டும் அது ரயில் ஆகிவிடாது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இணைப்புக் கொக்கி இருக்க வேண்டும். எஞ்சினின் இழுவிசை ஒவ்வொரு கொக்கி வழியாகத்தான் கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேருகிறது. நடுவே ஒரு கொக்கி கழன்றால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பெட்டிகளும் நின்றுவிடும்.

எழுத்திலும் பேச்சிலும் அந்தக் கொக்கிகளாக இருப்பவையே இணைப்புச் சொற்கள். ‘எனவே’, ‘ஏனெனில்’, ‘ஆனால்’, ‘ஆயினும்’, ‘பிறகு’, ‘அதாவது’ போன்றவை. இவை தமிழ் வகுப்புக்கு உரியவை, இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பல ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வரும் நான் கண்ட உண்மை இது: அறிவியல் தெரியாமல் மதிப்பெண் இழக்கிறவர்கள் ஒரு பங்கு; தெரிந்ததை இணைக்கத் தெரியாமல் இழக்கிறவர்கள் மற்றொரு பங்கு. அந்த இரண்டாம் பங்கு சிறியதன்று.

குக்கரும் இரண்டு விடைகளும்

‘பிரஷர் குக்கரில் உணவு விரைவாக வேகுவது ஏன்?’ நீங்கள் அனைவரும் அறிந்த கேள்வி. இதற்கு ஒரு மாணவர் இப்படி விடை எழுதுகிறார்:

“குக்கரில் நீராவி வெளியேறாது. அழுத்தம் அதிகமாகும். கொதிநிலை உயரும். உணவு விரைவாக வேகும்.”

இன்னொருவர் எழுதுகிறார்:

“குக்கரில் உணவு விரைவாக வேகிறது. எனவே நீரின் கொதிநிலை உயருகிறது. ஆகையால் அழுத்தம் அதிகமாகிறது.”

முதல் விடையில் தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அது விடை அன்று; விடைக்கான பொருள்களின் பட்டியல். பெட்டிகள் இருக்கின்றன, கொக்கிகள் இல்லை. இரண்டாவது விடையில் கொக்கிகள் இருக்கின்றன. ஆனால் ரயில் பின்னோக்கி ஓடுகிறது! விளைவு காரணமாகவும், காரணம் விளைவாகவும் மாறிவிட்டன. தெரிந்த செய்திகள் இருவருக்கும் ஒன்றுதான். இப்போது இதைப் படியுங்கள்:

“குக்கரின் மூடி இறுக்கமாக இருப்பதால் நீராவி எளிதில் வெளியேற முடிவதில்லை. அதனால் உள்ளே அழுத்தம் அதிகமாகி, ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலை உயரும். எனவே நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. இந்த உயர்ந்த வெப்பநிலையில் வேகுவதால் உணவுக்குக் குறைந்த நேரமே போதும்.”

கூடுதலாகச் சேர்ந்தவை சில எண்களும் சில இணைப்புகளுமே. ஆனால் இந்த விடையை எழுதியவர் புரிந்துகொண்டு எழுதினார் என்று திருத்துகிறவர் தயங்காமல் சொல்வார்.

வடிவியல் தேற்றங்களை நிரூபிக்கும்போது ‘எனவே’ என்பதற்கு மூன்று புள்ளிகளை முக்கோணமாக வைக்கிறீர்கள் அல்லவா? ஜோஹன் ரான் என்ற சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் 1659இல் வெளியிட்ட இயற்கணித நூலில் அந்தக் குறியைக் கையாண்டார். ஒரு சொல்லுக்கென்று தனிக் குறி தேவைப்படும் அளவுக்கு நிரூபணத்தில் அதற்கு வேலை இருக்கிறது. அந்த மூன்று புள்ளிகளைக் கணக்கில் தவறாமல் வைக்கும் நாம், வாக்கியத்தில் மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

தமிழ் எப்படி இணைக்கிறது?

தமிழில் இணைப்பு பல இடங்களில் தனிச் சொல்லாக வருவதில்லை; சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘இருப்பதால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ காரணம் காட்டுகிறது. ‘மிகுந்தால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ நிபந்தனை காட்டுகிறது. ‘அதிகமாகி’ என்ற வினையெச்சம் ஒரு செயலை அடுத்த செயலோடு கோத்துவிடுகிறது.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். தாமே தனித்து நின்று பொருள் தராமல், பெயரையும் வினையையும் சார்ந்து வந்து பொருள் தருபவற்றை ‘இடைச்சொல்’ என்றார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஓர் இயலே இவற்றுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் இடையியல். அதில் ‘உம்’ என்ற ஒன்றுக்கு மட்டும் எட்டுப் பொருள்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றை நம் இயற்பியலிலிருந்தே எடுத்துக்காட்டுகளோடு பார்ப்போமா?

‘இரும்பும் செம்பும் மின்சாரத்தைக் கடத்தும்.’ இங்கே ‘உம்’ எண்ணிச் சொல்கிறது.

‘பாதரசமும் மின்சாரத்தைக் கடத்தும்.’ இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் சொல்கிறது: மற்ற உலோகங்கள் கடத்தும், இதுவும் கடத்தும்.

‘திண்மம், நீர்மம், வாயு மூன்றும் வெப்பத்தால் விரிவடையும்.’ இங்கே ஒன்று விடாமல் முழுவதையும் குறிக்கிறது. (முழுவதையும் குறிக்கும்போது கவனம் வேண்டும். 0 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரை சூடேற்றினால் நீர் விரிவடைவதில்லை, சுருங்குகிறது. ஒரு ‘உம்’ நம்மை வம்பில் மாட்டிவிட்டது, பார்த்தீர்களா?)

‘வைரமும் எரியும்.’ இங்கே சிறப்பு: அத்தனை கடினமான வைரம்கூட எரியும், ஏனெனில் அதுவும் கரிதான்.

‘இன்று மழை பெய்தாலும் பெய்யும்.’ இங்கே ஐயம்.

ஒரே எழுத்துக் கூட்டம்; ஐந்து வேலைகள். இத்தனை சிறிய கருவிக்கு இத்தனை ஆற்றலா என்று வியப்பு உண்டாகிறது அன்றோ?

தனிச் சொற்களாக வரும் இணைப்புகளையும் பிரித்துப் பாருங்கள். ‘ஏனெனில்’ என்பது ஏன் + எனில். அதாவது, ‘ஏன் என்று கேட்டால்’. அந்தச் சொல்லை எழுதும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறீர்கள். அடுத்து வருவது அதற்கு விடையாக இருந்தே ஆக வேண்டும். ‘ஆயினும்’ என்பது ஆயின் + உம். ‘அப்படி ஆனாலும்கூட’ என்று பொருள். முன்னே சொன்னதை ஒப்புக்கொண்டு, அதற்கு எதிரான ஒன்றைச் சொல்லப் போகிறோம் என்று அது அறிவிக்கிறது.

ஓர் ‘உம்’ விட்டுப்போனால்...

‘சூடேற்றினால்’, ‘சூடேற்றினாலும்’ என்ற இரண்டுக்கும் நடுவே ஓர் ‘உம்’தான் வேறுபாடு.

“நீரைச் சூடேற்றினால் அதன் வெப்பநிலை உயரும்.” இது எதிர்பார்த்தது.

“உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியைச் சூடேற்றினாலும் அதன் வெப்பநிலை உயராது.” இது எதிர்பாராதது. ‘ஏன்?’ என்று மனம் உடனே கேட்கிறது. ‘ஏனெனில், நாம் தரும் வெப்பம் முழுவதும் திண்மத்தை நீர்மமாக்குவதிலேயே செலவாகிறது’ என்று விடை சொல்கிறோம். உள்ளுறை வெப்பம் என்ற பாடம் முழுவதும் அந்த ஓர் ‘உம்’மில் அடங்கியிருக்கிறது.

இது மதிப்பெண் விஷயம் மட்டும் அன்று. நான் படித்த நாட்களில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பெரிய மின்தேக்கி ஒன்றின் அருகே ஓர் அட்டை தொங்கியது. ‘மின்சாரத்தை நிறுத்தவும். கருவியைத் தொடவும்’ என்று அதில் எழுதியிருந்தது. என் நண்பன் ஒருவன் மின்சாரத்தை நிறுத்தினான், தொட்டான், தூக்கி எறியப்பட்டான். நல்லவேளையாக வலியோடு தப்பினான். அட்டையில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் இது: ‘மின்சாரத்தை நிறுத்தினாலும் உடனே தொடாதீர்கள், ஏனெனில் மின்தேக்கியில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். ஆகையால் முதலில் அதை மின்னிறக்கம் செய்யுங்கள், பிறகு தொடுங்கள்.’ அட்டையில் இடம் இல்லை என்று இத்தனை இணைப்புகளை விட்டுவிட்டார்கள் போலும்!

மீஞ்சூருக்குத் திரும்புவோம்

இப்போது நாம் தொடங்கிய நான்கு வாக்கியங்களை இணைத்துப் பார்ப்போம். அதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

கடலோர மணற்படுகையில் மழைநீர் இறங்கி நன்னீராகத் தங்கியிருக்கிறது. அதன் அடியில், கடல் பக்கமிருந்து புகுந்த உப்புநீர் இருக்கிறது. நன்னீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். கடல்நீருக்கு ஏறத்தாழ 1025. நன்னீர் லேசானது, ஆகையால் உப்புநீரின்மேல் மிதக்கிறது.

எவ்வளவு ஆழம் வரை நன்னீர் இருக்கும்? கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் h மீட்டர் உயரமும், கீழே z மீட்டர் ஆழமும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் இருபுறத்து அழுத்தங்களும் சமமாக இருக்க வேண்டும். எனவே,

1000 × (h + z) = 1025 × z

இதிலிருந்து z = 40 h என்று கிடைக்கிறது. அதாவது, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுப் பொறியாளர் கைபனும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட உறவு இது. எளிய மணற்படுகைக்கு, நீர் சமநிலையில் இருக்கும்போது, இது பொருந்தும்.

நல்ல செய்தி அல்லவா? ஆனால் இதே வாக்கியத்தைத் திருப்பிப் பாருங்கள். நீர்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், சமநிலைக்கு வரும்போது உப்புநீர் 40 மீட்டர் மேலே ஏறிவிடும்! இனி நம் நான்கு வாக்கியங்கள்:

“மீஞ்சூர் வட்டாரத்தில் வேளாண்மைக்கும் ஆலைகளுக்கும் நகரத்துக்குமாகக் கிணறுகளிலிருந்து ஏராளமான நீர் இறைக்கப்பட்டது. மழையால் ஊறியதைவிட இறைத்தது மிகுந்ததால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. கடல் அதிகத் தொலைவில் இல்லை; எனவே நன்னீரின் அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிக் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே நகர்ந்தது. அதன் விளைவாக, கடலிலிருந்து தள்ளியிருந்த கிணறுகளின் நீர்கூட உப்புக் கரிக்கத் தொடங்கியது.”

தனித்தனிச் செய்திகள் இப்போது ஒரு வரலாறாகிவிட்டன. காரணம் தெரிந்துவிட்டது, எனவே தீர்வும் கண்ணுக்குத் தெரிகிறது: இறைப்பதைக் குறைக்க வேண்டும், அல்லது மழைநீரை உள்ளே இறக்க வேண்டும். இணைப்பு இல்லாத நான்கு வாக்கியங்களிலிருந்து இந்தத் தீர்வு பிறந்திருக்குமா?

இரண்டு வகை ‘எனவே’

‘எனவே’ என்ற சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

“இரவு மழை பெய்தது, எனவே சாலை நனைந்திருக்கிறது.”

“சாலை நனைந்திருக்கிறது, எனவே இரவு மழை பெய்திருக்க வேண்டும்.”

முதல் வாக்கியம் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகிறது. இரண்டாவது, அடையாளத்திலிருந்து முடிவுக்குப் போகிறது. சாலை நனைந்தது மழைக்குக் காரணம் என்று அது சொல்லவில்லை. ‘பெய்திருக்க வேண்டும்’ என்ற வினைமுற்றுதான் அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. அந்த முடிவு தவறாகவும் போகலாம். தண்ணீர் லாரி ஒழுகியபடி போயிருக்கலாம் அல்லவா? அடையாளத்திலிருந்து முடிவுக்குப் போகும்போது ‘வேண்டும்’, ‘கூடும்’, ‘இருக்கலாம்’ என்று நம் உறுதியின் அளவைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இணைப்புகளின் கையேடு

பயன்பாட்டைக் கொண்டு முக்கியமான இணைப்புகளை இப்படிப் பிரிக்கலாம். குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ப்பது: உம், மேலும், அத்துடன், தவிரவும்.
மாறுபடுத்துவது: ஆனால், ஆயினும், இருப்பினும், மாறாக.
காரணம் காட்டுவது: ஏனெனில், ஆல் (இருப்பதால், வருவதால்).
விளைவு காட்டுவது: எனவே, ஆகவே, ஆகையால், அதனால்.
காலவரிசை காட்டுவது: முதலில், பிறகு, பின்னர், அப்போது, இறுதியில்.
நிபந்தனை காட்டுவது: செய்தால், இல்லையெனில்.
விளக்குவது: அதாவது, எடுத்துக்காட்டாக, சான்றாக.

‘மற்றும்’ என்ற சொல்லை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. மறந்து அன்று! ‘காற்று மற்றும் நீர் மற்றும் ஒளி’ என்று எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. ‘காற்றும் நீரும் ஒளியும்’ என்று எழுதிப் பாருங்கள். எது காதுக்கு இனிக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

கரையோரத்தில் ஒரு வழக்கு

இப்போது தலைப்புக்கு வருவோம். இணைப்புச் சொற்களில் மிகவும் ஆபத்தான குழப்பம், காலவரிசைச் சொல்லுக்கும் விளைவுச் சொல்லுக்கும் நடுவே நேர்வது. சேவல் கூவிய பிறகு பொழுது விடிகிறது. சேவல் கூவியதால் பொழுது விடிவதில்லை. இதில் ஒருவரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் எல்லா இடங்களிலும் இது இத்தனை எளிதன்று.

மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி இருக்கிறது. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் எண்ணூர்க் கழிமுகத்தோடும் கொற்றலை ஆற்றோடும் தொடர்புள்ள உப்பங்கழி. நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு. வடக்கே பழவேற்காட்டு ஏரி. இந்தக் கரையில் 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் (இன்று காமராசர் துறைமுகம்), அதன் வடக்கே 2010களின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. பெரிய திட்டம் ஒன்று வரும்போது, அதனால் சுற்றுச்சூழலுக்கு நேரக்கூடிய விளைவுகளைப் பற்றி மக்கள் பேசுவதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும் முறையை மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை வகுத்திருக்கிறது.

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு மீனவப் பெரியவர் எழுந்து, “துறைமுகம் வந்த பிறகுதான் எங்கள் கரையைக் கடல் கொண்டுபோகிறது” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர், “பிறகு நடந்தது என்பதாலேயே அதனால் நடந்தது என்று ஆகிவிடுமா, ஐயா? புயலால் ஆகியிருக்கலாம், ஆற்று மணல் வராததால் ஆகியிருக்கலாம்” என்று பதில் சொன்னால்?

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. புயலும் கரையை அரிக்கும். கொற்றலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் போன்ற அணைகள் கடலுக்கு வரும் மணலைத் தடுக்கும். ஆனால், ‘பிறகு’ என்பது ‘அதனால்’ ஆகிவிடாது என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை இதுவும்: ‘பிறகு’ என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் முதல் பெட்டியையும் கடைசிப் பெட்டியையும் கண்ணால் கண்டு சொல்கிறார். நடுவில் உள்ள கொக்கிகளைக் காட்டுவது படித்தவர்களின் கடமை. அதை எப்படிச் செய்வது?

முதல் படி, நடுவில் உள்ள இயக்கத்தைச் சொல்வது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் நம் கரைமீது தென்கிழக்கிலிருந்து சாய்வாக மோதுகின்றன. அதனால் கரையோர மணல் வடக்கு நோக்கி நகருகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் தெற்கு நோக்கி நகருகிறது. ஆனால் முதல் நகர்வு ஆண்டில் அதிக மாதங்கள் நடப்பதால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கே செல்கிறது. கடலுக்குள் ஒரு நீண்ட கற்சுவரைக் கட்டினால் இந்த மணல் தடுக்கப்படும். எனவே சுவருக்குத் தெற்கே மணல் சேர வேண்டும். வடக்கே, வந்துகொண்டிருந்த மணல் வராததால், கரை அரிக்கப்பட வேண்டும்.

இரண்டாம் படி, இந்த ‘வேண்டும்’ என்பது நடந்திருக்கிறதா என்று வேறோர் இடத்தில் பார்ப்பது. தொலைவு போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876இல் தொடங்கியது. அதற்குத் தெற்கே மணல் ஆண்டுதோறும் சேர்ந்து, இன்று நாம் காணும் அகன்ற மெரினா கடற்கரை உருவாயிற்று. வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிய கரையைக் கடல் அரித்தது. பல இடங்களில் கற்களைக் கொட்டிக் காக்க நேர்ந்தது. மாலையில் காற்று வாங்க நாம் உட்காரும் மணலும், வடக்கே வீடிழந்தவர்களின் காலடியிலிருந்து போன மணலும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

மூன்றாம் படி, இந்த இடத்திலேயே அளப்பது. துறைமுகத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் கரைக்கோடு எங்கே இருந்தது? தெற்கே வளர்ந்து வடக்கே குறைந்திருக்கிறதா, அல்லது இருபுறமும் ஒன்றுபோலக் குறைந்திருக்கிறதா? புயல் மட்டுமே காரணமானால் சுவரின் தெற்கு, வடக்கு என்று அது பார்க்காது. ஆற்று மணல் குறைந்தது மட்டுமே காரணமானால், துறைமுகம் வருவதற்கு முன்பே அரிப்பு தொடங்கியிருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு மாற்றுக் காரணத்தையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். பல காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். அப்போது எதற்கு எவ்வளவு பங்கு என்று கேட்க வேண்டும்.

இந்த மூன்று படிகளையும் கடந்த பிறகு ஒருவர் எழுந்து நின்று, ‘எனவே’ என்று சொல்லட்டும். அந்தச் சொல்லை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. படிகளைத் தாண்டிக் குதித்து அந்தச் சொல்லுக்கு வந்தால், உண்மை நம் பக்கம் இருந்தாலும் வழக்கு தோற்றுவிடும். ‘எனவே’ என்பது இலவசமாகக் கிடைக்கும் சொல் அன்று. உழைத்துப் பெற வேண்டிய சொல்.

பேச்சில்

பேசும்போதும் இதே இணைப்புகள்தாம். உடை மட்டும் வேறு. ‘ஆனால்’ என்பது ‘ஆனா’ ஆகும். ‘அதனால்’ என்பது ‘அதனால’. ‘பிறகு’ என்பது ‘அப்புறம்’. ‘இல்லையெனில்’ என்பது ‘இல்லேன்னா’. பேச்சில் ஒரு வசதி, கேட்பவர் முகத்தைப் பார்த்து விட்டுப்போனதைச் சேர்த்துவிடலாம். ஒரு தொல்லை, கேட்பவர் முந்தைய வரிக்குத் திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. ஆகையால் மேடையில் பேசும்போது இணைப்புகளைச் சற்றே அழுத்தி, அதற்கு முன் ஒரு கணம் நிறுத்திச் சொல்லுங்கள். ‘மூன்று காரணங்கள் சொல்கிறேன், முதலாவது...’ என்று தொடங்கினால் அவையே உங்களோடு எண்ணத் தொடங்கும். கதை சொல்வதுபோல எல்லாவற்றையும் ‘அப்புறம்... அப்புறம்...’ என்று கோத்துக்கொண்டு போகாதீர்கள். அது காலவரிசையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இணைப்பு நல்லது என்பதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘எனவே’ என்று தொடங்கிவிடாதீர்கள். பொருளே தொடர்பைத் தெளிவாகக் காட்டும் இடத்தில் இணைப்புச் சொல் வேண்டியதில்லை. எழுதி முடித்ததும், ஒவ்வோர் இணைப்பையும் விரலால் மறைத்துப் படியுங்கள். பொருள் கெடாவிட்டால் எடுத்துவிடுங்கள். பிறகு, இணைப்பே இல்லாத இடங்களில் ‘ஏன்?’ என்று கேளுங்கள். விடை உங்கள் தாளில் இல்லையென்றால், அங்கே ஒரு கொக்கி விட்டுப்போயிருக்கிறது.

பயிற்சி

1. கோடிட்ட இடத்தில் பொருத்தமான இணைப்பை எழுதுக.
(அ) பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. ______ அது நீரில் மிதக்கிறது.
(ஆ) பகலில் கடற்கரை மணல் விரைவாகச் சூடேறுகிறது. ______ கடல்நீர் மெதுவாகவே சூடேறுகிறது.
(இ) குழாய்க்கிணற்று நீர் தெளிவாக இருந்தது. ______ அதில் உப்பு கரைந்திருந்தது.
(ஈ) மின்னல் தெரிந்தது. ______ இடி கேட்டது.

2. கீழ்க்கண்ட செய்திகளை இணைத்து ஒரு பத்தியாக எழுதுக.
காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. அதை ‘மீஞ்சூர் ஆலை’ என்கிறார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் வகையில் அது அமைக்கப்பட்டது. சவ்வின் ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் கடல்நீரும் இருக்கும். நன்னீர் தானாகவே கடல்நீர்ப் பக்கம் செல்லும். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம். அதைவிட மிகுந்த அழுத்தத்தைக் கடல்நீருக்குத் தருகிறார்கள். நீர் நன்னீர்ப் பக்கம் வருகிறது. உப்பு அழிவதில்லை.

விடைகள்

1. (அ) எனவே (ஆ) ஆனால் (இ) ஆயினும் (ஈ) பிறகு. கடைசி விடையில் ‘எனவே’ என்று எழுதியவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்: மின்னல் பாயும்போது காற்று திடீரெனச் சூடாகி விரிவதால் இடி உண்டாகிறது என்பது உண்மை. ஆனால் நம் கண்ணுக்கு ஒளி ‘தெரிந்தது’ காதுக்கு ஒலி ‘கேட்டதற்கு’க் காரணம் அன்று. ஒளி விரைவாக வந்தது. ஒலி மெதுவாக வந்தது. அதனால்தான் இந்தப் ‘பிறகு’.

2. ஒரு மாதிரி விடை: “2010இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் வகையில் அமைக்கப்பட்ட கடல்நீர் ஆலையை ‘மீஞ்சூர் ஆலை’ என்று அழைத்தாலும், அது இருப்பது காட்டுப்பள்ளியில். சவ்வின் ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் கடல்நீரும் இருந்தால், நன்னீர் தானாகவே கடல்நீர்ப் பக்கம் செல்லும். ஆனால் இங்கே கடல்நீருக்கு அதன் சவ்வூடு பரவல் அழுத்தமாகிய ஏறத்தாழ 25 வளிமண்டலத்தைவிட மிகுந்த அழுத்தத்தைத் தருகிறார்கள். அதனால் நீர் செல்லும் திசை மாறி, நன்னீர்ப் பக்கம் வருகிறது. எனினும் உப்பு அழிவதில்லை. எஞ்சிய நீரில் அது முன்னைவிடச் செறிவாக இருக்கும்.”

உங்கள் விடை இதிலிருந்து வேறுபட்டிருக்கலாம். ஒவ்வோர் இணைப்பையும் ஏன் அங்கே வைத்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அதுவும் சரியான விடையே.